அடிக்குறிப்பு இருந்தது, மேற்கோள் குறி இல்லை: கூட்டன்பெர்க் ஆய்வேட்டு விவகாரம்

2011 பிப்ரவரியில், ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் ஃபிஷர்-லெஸ்கானோ ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உருவான விதத்தையும், ஐரோப்பிய ஒன்றியம் தனக்கென ஓர் அரசமைப்பு ஒப்பந்தம் எழுத முயன்றதையும் ஒப்பிடும் 475 பக்கப் புத்தகம். பைராய்ட் பல்கலைக்கழகத்துக்கு 2006இல் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுக்கப்பட்டது. 2007இல் வாய்மொழித் தேர்வு முடிந்து, அங்கே தரக்கூடிய மிக உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்றது. 2009இல் நூலாக வந்தது. ஃபிஷர்-லெஸ்கானோ அதிலிருந்து சில சொற்றொடர்களை கூகுளில் போட்டுப் பார்த்தார். ஒரு சுவிஸ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை வந்து நின்றது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. தேடத் தேட இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

நூலை எழுதியவர் சாதாரண ஆள் என்றால் விஷயம் ஒரு சட்ட இதழின் மதிப்புரைப் பக்கத்தோடு முடிந்திருக்கும். எழுதியவர் கார்ல்-தியோடர் சூ கூட்டன்பெர்க். அப்போது ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர், வயது 39, பவேரியப் பிரபுக் குடும்பம், நாட்டிலேயே மிகப் பிரபலமான அரசியல்வாதி. அடுத்த சான்சலர் (நம் பிரதமர் போல அரசுக்குத் தலைவர்) இவர்தான் என்று பத்திரிகைகள் பேசிக்கொண்டிருந்த காலம்.

ஆய்வு எழுதுபவர்களுக்கு பிளேஜியரிசம், அதாவது எழுத்துக் களவு, பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது ‘பிறர் எழுதியதைச் சொல்லாமல் எடுக்காதே’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறோம். கூட்டன்பெர்க்கின் ஆய்வேட்டைப் பார்த்தால் அது போதாது என்பது தெரியும். அந்த ஆய்வேட்டில் அடிக்குறிப்புகள் இல்லாமல் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. துணைநூற்பட்டியல் நீளமாகவே இருந்தது. களவு நடந்தது அடிக்குறிப்புகளுக்கு நடுவில்.

இரண்டு வாரம்

பிப்ரவரி 16 அன்று ஸூட்டாய்ச்ச ஸைட்டுங் நாளிதழ் செய்தியை வெளியிட்டது. அபத்தமான குற்றச்சாட்டு என்றார் அமைச்சர். நெறியாளர் பேட்டர் ஹேபர்லேவும், அரசமைப்புச் சட்டத் துறையில் உலகமறிந்த பெயர் அவருடையது, இது பிளேஜியரிசம் இல்லை என்றே முதலில் சொன்னார்; பின்னர் அவரும் அந்தக் கருத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டிவந்தது. 18ஆம் தேதி, விசாரணை முடியும்வரை ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளப் போவதில்லை என்றார் அமைச்சர். 21ஆம் தேதி கெல்க்ஹைம் நகரத் தேர்தல் கூட்டத்தில், வார இறுதியில் தன் ஆய்வேட்டை மறுபடி படித்துப் பார்த்ததாகவும் கடுமையான தவறுகள் இருப்பதாகவும் ஒப்புக்கொண்டு, பட்டத்தை நிரந்தரமாகவே விட்டுவிடுவதாக அறிவித்தார். ஆனால் முனைவர் பட்டம் என்பது வேண்டாம் என்று சொன்னால் போய்விடும் பொருள் இல்லை. கொடுத்த பல்கலைக்கழகம்தான் பறிக்க வேண்டும். 23ஆம் தேதி பைராய்ட் அதைச் செய்தது. அதே நாள் நாடாளுமன்றத்தில் அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சான்சலர் ஏங்கலா மெர்கல் அவரைக் கைவிடவில்லை. தான் நியமித்தது அமைச்சரைத்தான், பல்கலைக்கழக ஆய்வு உதவியாளரை அல்ல என்ற பொருளில் பேசினார். இதுதான் ஆய்வு மாணவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. மெர்கல் தாமே இயற்பியல் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வகத்திலும் நூலகத்திலும் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ‘அது வேறு, இது வேறு’ என்றால் எப்படி? முனைவர் பட்ட மாணவர்கள் அவருக்கு எழுதிய திறந்த மடலில் சில நாட்களுக்குள் 20,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மார்ச் 1 அன்று கூட்டன்பெர்க் பதவி விலகினார்.

ஒரு முனைவர் பட்டத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று நமக்குத் தோன்றலாம். ஜெர்மனியில் ‘டாக்டர்’ அடையாள அட்டையிலேயே ஏறும். வீட்டு வாசல் பெயர்ப்பலகையில், தேர்தல் சுவரொட்டியில் இருக்கும். அங்கே அந்த இரண்டு எழுத்துக்குச் சந்தை மதிப்பு உண்டு. நம் ஊரில் மட்டும் இல்லையா என்று கேட்டால், சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

வரிவரியாக எண்ணியவர்கள்

செய்தி வந்த மறுநாளே, பிளாக்டாக் என்ற புனைபெயரில் இயங்கிய ஓர் ஆய்வு மாணவர் இணையத்தில் ஒரு பொது ஆவணத்தைத் திறந்து, யார் வேண்டுமானாலும் ஒத்த பகுதிகளைச் சேர்க்கலாம் என்று விட்டார். கூட்டம் தாங்காமல் அது விக்கி தளமாக மாறியது. பெயர் கூட்டன்பிளாக். ஊர் பேர் தெரியாத பலர் ஆளுக்குச் சில பக்கங்களாக எடுத்துக்கொண்டு தேடினார்கள்.

அவர்கள் வேலை செய்த முறை கற்றுக்கொள்ளத்தக்கது. யாரும் ‘இது காப்பி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. ஆய்வேட்டின் பக்க எண், வரி எண், மூல நூலின் பக்கம், இரண்டையும் அருகருகே வைத்த ஒப்பீடு, எந்த வகைக் களவு என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மெல்லிய கோடாக்கி வண்ணம் பூசினார்கள்: களவு கண்ட பக்கம் கருப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களிலிருந்து எடுத்த பக்கம் சிவப்பு, எதுவும் சிக்காத பக்கம் வெள்ளை. கடைப் பொருளில் ஒட்டியிருக்கும் பார்கோடு மாதிரி ஒரு படம் உருவானது. நாளுக்கு நாள் வெள்ளை குறைந்ததை நாடே பார்த்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் அவர்களின் கணக்கு: உள்ளடக்கப் பட்டியலும் பின்னிணைப்பும் நீங்கலான 393 பக்கங்களில் 371இல் களவு, 135 மூலங்களிலிருந்து 1,218 துண்டுகள், மொத்த வரிகளில் சுமார் 64 விழுக்காடு. அந்த ஆண்டே கூட்டன்பிளாக்குக்கு ஜெர்மனியின் கிரிம்மே இணைய விருது கிடைத்தது.

இந்த எண்களில் 64ஐத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 135. யாரோ ஒருவரின் நூலைத் தூக்கி அட்டை மாற்றிய கதை இல்லை இது. நாளிதழ்க் கட்டுரைகள், சட்ட இதழ்கள், அமெரிக்கத் தூதரகத்தின் இணையப் பக்கம், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தகவல் திரட்டித் தரும் ஆய்வுப் பிரிவின் அறிக்கைகள் என்று பல இடத்திலிருந்து அள்ளிக் கோத்தது. இதற்கும் உழைப்பு வேண்டும். சில இடங்களில், நேர்மையாக எழுதியிருந்தால் இதைவிடக் குறைந்த நேரமே பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது.

முதல் பக்கம்

முன்னுரையின் தொடக்கமே இன்னொருவருடையது. பல மாநிலங்கள் ஒரே குடியரசாக இணைந்ததைக் குறிக்கும் அமெரிக்க லத்தீன் முழக்கத்தோடு ஆய்வேடு தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் பஸாவ் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர் பார்பரா ஸேன்பெனிக் 1997 நவம்பரில் ஃபிராங்ஃபுர்ட்டர் ஆல்கமைன நாளிதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது.

பின்புலத்தையும் வரலாற்றுச் சுருக்கத்தையும் யாராவது இரவல் வாங்கினால் சோம்பேறித்தனம் என்று விடலாம். முன்னுரையில் ஆய்வாளர் சொல்ல வேண்டியது வேறு: என்னை உறுத்திய கேள்வி இது, அதற்காக இத்தனை ஆண்டு செலவழித்தேன். அந்தக் கேள்வியையே வேறொருவர் சொற்களில் கேட்கிறவருக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருந்ததா என்பதே சந்தேகம்.

சிப்பாயைப் பலிகொடுப்பது

கூட்டன்பிளாக் ஆட்கள் களவை வகை பிரித்தார்கள். சொல் மாறாமல், மூலத்தையும் சொல்லாமல் எடுப்பது முதல் வகை; எல்லோருக்கும் தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லை மாற்றி மறைப்பது இரண்டாவது. ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்த்துத் தன் எழுத்தாகக் காட்டுவது இன்னொன்று. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

ஜெர்மானியர்கள் சதுரங்கத்திலிருந்து எடுத்துப் பெயர் வைத்த ஒரு வகை இருக்கிறது: சிப்பாய்ப் பலி. பெரிய காயைக் காப்பாற்றச் சின்னக் காயை எதிராளிக்குக் கொடுப்பதுபோல, மூலத்தின் ஒரு சிறு பகுதிக்கு ஒழுங்காக மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் போட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் பெரும்பகுதியை அடையாளம் இல்லாமல் எடுத்துக்கொள்வது. கேட்டால், ‘நான்தான் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேனே’ என்று பதில் தயாராக இருக்கும். நம் ஆய்வேடுகளில் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இந்த வகையைத்தான். செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தவறு என்றே தெரியாது.

எடுத்துக்காட்டாக ஒரு மூலப் பத்தியை நானே இட்டுக்கட்டுகிறேன். கண்மாய்ப் பாசனம் பற்றிய நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“இப்பகுதிக் கண்மாய்கள் தனித்தனி நீர்நிலைகள் அல்ல, மேல் கண்மாய் மறுகால் பாய்ந்த பிறகே கீழ்க் கண்மாய்க்கு நீர் வரும். அதனால் ஓர் ஊர் தன் கரையைப் பராமரிக்காவிட்டால் அடுத்த ஊரின் வேளாண்மையும் கெடும். ஊர்களுக்கிடையே நீர்ப்பங்கீட்டு உடன்பாடுகள் தோன்றியது இந்த அச்சத்தினால்தான், அரசாணையினால் அல்ல.”

மாணவர் தன் ஆய்வேட்டில் முதல் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு, 12 என்று அடிக்குறிப்பு எண் தருகிறார். தொடர்ந்து, “ஆகவே ஓர் ஊர் தன் கரையைப் பேணாவிட்டால் அடுத்த ஊரின் விவசாயமும் பாதிக்கப்படும். ஊர்களுக்கிடையே நீர்ப்பங்கீட்டு உடன்பாடுகள் உருவானது இந்த அச்சத்தால்தானே தவிர அரசாணையால் அல்ல” என்று எழுதுகிறார். இதற்கு எண் இல்லை. கண்மாய் தொடராக நிரம்பும் என்பது அந்தப் பக்கத்து விவசாயி எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதற்குத்தான் மரியாதையாக அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். உடன்பாடு அச்சத்தில் பிறந்தது என்பது மூல ஆசிரியர் வருடக்கணக்கில் ஆவணங்களைப் புரட்டி எட்டிய முடிவு. அது மாணவர் பேருக்குப் போய்விட்டது. வாசகரும் தேர்வாளரும், மேற்கோள் குறி மூடிய இடத்திலிருந்து ஆய்வாளரே பேசுகிறார் என்று நம்பித்தான் படிப்பார்கள்.

இதே பத்தியைத் திருத்த அடிக்குறிப்பைக் கூட்ட வேண்டியதில்லை. எல்லையைக் காட்டினால் போதும். “இந்தத் தொடரமைப்பை விவரிக்கும் அவர், ஊர்களின் உடன்பாடுகள் அடுத்த ஊர் கைவிட்டுவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்தவை என்கிறார், அரசாணைகளுக்கு அதில் பங்கில்லை என்பது அவர் முடிவு.12 நான் பார்த்த கிராமக் கணக்குகள் இந்த முடிவோடு முழுதும் ஒத்துப்போகவில்லை.” எங்கே அவர் முடிகிறார், எங்கே நான் தொடங்குகிறேன் என்று பார்த்தவுடன் தெரிகிறது. கூடவே இன்னொரு நன்மை: எல்லையைக் கோடு போட்டுக் காட்டியதும், எல்லைக்கு இந்தப் பக்கம் நம்மிடம் என்ன இருக்கிறது என்ற சங்கடமான கேள்வி வந்துவிடுகிறது. எதுவுமே இல்லாவிட்டால் அந்தப் பத்தி அங்கே எதற்கு?

தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘என்கிறார்’, ‘என்பார்’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருபவை. நான்கு வரி நீளும் வாக்கியத்தில், பேசுவது யார் என்று முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் போய்த்தான் தெரியும். அடுத்த வாக்கியத்தில் ‘என்கிறார்’ விட்டுப்போனால் பேச்சு யாருடையது என்றே தெரியாது. அதனால் ஆளை வாக்கியத்தின் தலையிலேயே நிறுத்துவது நல்லது: ‘அவர் கணக்குப்படி’, ‘அவர் பார்த்த ஆவணங்களில்’. பத்தியின் கடைசி முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அது பத்தி முழுவதையும் காக்கும் என்று நம்புவதும் இங்கே பரவலான பழக்கம். அது காப்பது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான்.

எண்பது வட்டுகள்

எப்படி நடந்தது என்று கேட்டபோது கூட்டன்பெர்க் சொன்ன விளக்கம் பிரசித்தம். ஏழு ஆண்டுகள் வேலை. நாடாளுமன்ற உறுப்பினர் பொறுப்பு, இளம் குடும்பம். ஆய்வுக் குறிப்புகள் குறைந்தது 80 வட்டுகளில், பல கணினிகளில் சிதறிக் கிடந்தன. எது தன் எழுத்து, எது எடுத்த எழுத்து என்ற பிடி விட்டுப்போனது. ஏமாற்றும் நோக்கம் இல்லை.

பைராய்ட் பல்கலைக்கழகக் குழு இதை ஏற்கவில்லை. 2011 மே மாதம் வந்த அறிக்கை, அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று முடிவு சொன்னது. காரணம் எளிமையானது: பிடி விட்டுப்போனவர் எடுத்த வரிகளை அப்படியே விட்டுவைத்திருப்பார். இங்கே சொற்கள் மாற்றப்பட்டிருந்தன, வாக்கியங்கள் முன்பின்னாக்கப்பட்டிருந்தன. மறதி வந்தவர் அதையெல்லாம் உட்கார்ந்து செய்வதில்லை.

ஆனாலும் அந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. அவர் விஷயத்தில் பொய்யாக இருந்தாலும், ஆய்வு மாணவர்கள் பலர் விஷயத்தில் அதுதான் உண்மை. முதல் ஆண்டில் பிடிஎஃப் கோப்பிலிருந்து நல்ல பத்தி ஒன்றை வேர்ட் கோப்பில் ஒட்டிவைக்கிறோம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூலத்தை எழுதுவதில்லை. மூன்றாம் ஆண்டில் இயல் எழுதும்போது அந்தக் கோப்பைத் திறந்தால், நம் நடையிலேயே, நம் எழுத்துருவிலேயே இருக்கிறது. யார் எழுதியது என்று எப்படித் தெரியும்? களவு அந்த ஒட்டிய நாளில் நடக்கிறது, ஆய்வேடு கொடுக்கும் நாளில் அல்ல.

நூலகத்தில் அட்டையில் குறிப்பெடுத்த தலைமுறை, மேல் மூலையில் நூல் பெயரும் பக்க எண்ணும் எழுதாமல் அட்டையைத் தொடாது. அந்தப் பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவருவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிறர் வரியை ஒட்டுகிற அந்த நொடியிலேயே மேற்கோள் குறி, ஆசிரியர், பக்கம். பிறர் வரிகளுக்கு ஒரு நிறம், நம் யோசனைகளுக்கு இன்னொன்று. ஸொட்டெரோ போன்ற இலவசச் செயலிகள் நூல் விவரத்தைக் காத்துத் தரும். மேற்கோள் குறியை நமக்காக எந்தச் செயலியும் போடாது. சுருக்கி எழுதும்போது மூலப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் வருவது சுருக்கமாக இருக்காது, சொல் மாற்றிய நகலாகத்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பத்தியைக் கொடுத்து ‘வேறு சொற்களில் எழுதித் தா’ என்று கேட்பதும், கூட்டன்பிளாக் ‘மறைத்தல்’ என்று பட்டியலிட்ட அதே வேலைதான். ஆள் வைத்துச் செய்தால் என்ன, இயந்திரம் வைத்துச் செய்தால் என்ன?

காப்புரிமை வேறு, களவு வேறு

இந்த வழக்கின் நீதிமன்றப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஹோஃப் நகர அரசு வழக்கறிஞர்கள் காப்புரிமை மீறல் பற்றி விசாரித்தார்கள். 1,218 துண்டுகள் என்று விக்கி எண்ணிய நூலில், குற்றவியல் சட்டப்படி காப்புரிமை மீறலாக எடுத்துக்கொள்ளத்தக்கவை என்று அவர்கள் கண்டது 23 பகுதிகளைத்தான். 2011 நவம்பரில், குழந்தைகள் புற்றுநோய் உதவி அமைப்புக்கு 20,000 யூரோ செலுத்தச் சொல்லி வழக்கை முடித்தார்கள்.

1,218க்கும் 23க்கும் நடுவிலுள்ள தூரம்தான் பலருக்குப் புரியாத இடம். ‘இணையத்தில் எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது’, ‘அரசு வெளியீடு, காப்புரிமை கிடையாது’, ‘அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன்’ என்ற வாதங்கள் எல்லாம் காப்புரிமைக் கேள்விக்குப் பதில். கல்விக் களவில் ஏமாறுவது மூல ஆசிரியர் மட்டும் இல்லை, படிப்பவரும் தேர்வாளரும். தூதரக இணையப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். ‘இது என் ஆய்வு’ என்று கையெழுத்துப் போட்டுப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கக் கூடாது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன உரையாசிரியரின் விளக்கத்தை அவர் பெயர் சொல்லாமல் எடுத்தாலும் களவு களவுதான். நண்பர் மனமுவந்து எழுதிக்கொடுத்தாலும்தான்.

தட்டச்சு யுகத்தின் வழக்கு

கூட்டன்பெர்க் விவகாரம் உச்சத்தில் இருந்தபோது, கல்வி அமைச்சர் அனெட் ஷவான் ஒரு பேட்டியில், 31 ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்டம் பெற்றவர் என்ற முறையில் தான் வெட்கப்படுவதாகவும், அது ரகசியமாக மட்டும் இல்லை என்றும் சொன்னார். 2012இல் அவருடைய ஆய்வேட்டையே ஒருவர் இணையத்தில் பிரித்துப் போட்டார். டுஸெல்டோர்ஃப் பல்கலைக்கழகத்துக்கு 1980இல் கொடுக்கப்பட்டது. மனச்சாட்சி பற்றியது என்பது கூடுதல் சங்கடம். 2013 பிப்ரவரி 5 அன்று பட்டம் போனது. நான்கு நாளில் பதவியும் போனது. அவர் நீதிமன்றம் போனார்; 2014 மார்ச்சில் தோற்றார்.

1980இல் கூகுளும் இல்லை, ஒட்டும் வசதியும் இல்லை. எடுத்த ஒவ்வொரு வரியையும் கையால் தட்டச்சு செய்திருக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் நடந்தது, இரண்டாம் நிலை நூல்கள் மூல நூலாசிரியர்களைச் சுருக்கிச் சொன்னதை எடுத்துக்கொண்டு, தானே மூலத்தைப் படித்துச் சொல்வதுபோல எழுதியது. நம் தமிழ்த் துறைகளுக்கு இது அந்நியமான வழக்கம் இல்லை. யாரோ எழுதிய இலக்கிய வரலாற்று நூல் வழியாகத் தெரிந்துகொண்ட பழைய ஏட்டுக்கு, ஏட்டையே புரட்டியதுபோல அடிக்குறிப்பு போடுவோம். அந்த இலக்கிய வரலாற்றாசிரியர் பக்க எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தால், அந்தத் தவறும் தலைமுறை தலைமுறையாக அடிக்குறிப்புகளில் பயணம் செய்யும். கையில் எடுத்துப் பார்த்தது எதுவோ அதைத்தான் குறிப்பிட வேண்டும். ‘இன்னார் நூலில் காட்டியபடி’ என்று சேர்க்க மூன்று சொல் போதும்.

பத்து விழுக்காடு

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகள் களவை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை, ஓர் ஆண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவு ரத்து. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை, தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போகும் இடங்கள் இவை கணக்கில் வரா. பட்டம் வாங்கிய பிறகு பிடிபட்டால், பட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கலாம் என்கிறது விதி. பைராய்ட் போலப் பறிப்பது அதில் இல்லை.

விதி நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஆனால் களத்தில் அது ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. ‘உனக்கு எவ்வளவு வந்தது?’ ‘எட்டு.’ ‘தப்பிச்சே.’ ஒப்புமையை எண்ணும் மென்பொருள் தரும் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் 10க்குக் கீழே இறக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஜெராக்ஸ் கடைகளைப் பல்கலைக்கழக வாசல்களில் பார்க்கலாம்.

மென்பொருள் பார்ப்பது எழுத்து ஒப்புமையை, களவை அல்ல. மேலே காட்டிய கண்மாய்ப் பத்தியைப் போட்டால் அது ஒரு வரியை மட்டும் பிடிக்கும். ‘ஆகவே’யும் ‘விவசாய’மும் மற்றதைக் காப்பாற்றிவிடும். தமிழில் நிலைமை இன்னும் மோசம். சந்தி பிரித்தும் சேர்த்தும் எழுதினாலே சொல்லின் உருவம் மாறிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழ். யூனிகோடு மட்டும் அறிந்த மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், எதனோடும் ஒத்துப்போகாது. பழைய ஆய்வேடுகள் பல, ஒளிவருடிய படங்களாகத்தான் சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்தால் எது பிடிக்கும்? ஆங்கில நூலைப் பத்திபத்தியாகத் தமிழாக்கியவருக்கு பூஜ்யம்கூட வரலாம். மறுபக்கம், சங்கப் பாடல் வரிகளை ஆய்வு செய்கிற நேர்மையான மாணவருக்கு, மேற்கோள் பாடல்களை நீக்காமல் ஓட்டிவிட்டால் 35 வரும். அவர் தூங்க மாட்டார்.

கூட்டன்பெர்க்கை இந்த அளவுகோலில் வைத்தால் 60ஐத் தாண்டியிருப்பாரா? மனிதர்கள் எண்ணியது 64. அதில் சொல் மாற்றியதும் மொழிபெயர்த்ததும் உண்டு. இயந்திரம் மட்டும் எண்ணியிருந்தால் அவர் கீழ்ப் படியில் நின்று, ஆறு மாதத்தில் திருத்திக் கொடுத்து, அமைச்சராகவே இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவரைப் பிடித்தது மதிப்புரைக்காக ஒரு நூலை உண்மையிலேயே படித்த ஒருவர்.

அப்படிப் படிக்க வேண்டியவர்கள் முதலில் நெறியாளரும் தேர்வாளர்களும். 475 பக்கத்தையும் கூகுளில் போட யாருக்கும் நேரம் இல்லை, தேவையும் இல்லை. முடிந்த இயலைக் கேட்பதற்கு முன் அதன் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் கைடுகள் சிலரை எனக்குத் தெரியும். குறிப்பில் பக்க எண் இல்லாத பத்தி இருந்தால் இயலை வாங்க மாட்டார்கள். வைவாவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, இந்தப் பத்தியில் உங்களுடையது எந்த வரி, அதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்கும் புறத்தேர்வாளர் ஒருவரும் உண்டு. அவர் வருகிறார் என்றால் துறையில் முந்தைய நாளே ஆய்வேடுகள் மறுபடி திறக்கப்படும். எழுதியவர் பதில் சொல்லிவிடுவார், பெரும்பாலும் தயங்காமல். இல்லாவிட்டால் கைடு பக்கம் திரும்பிப் பார்ப்பார்; அப்போது அந்த அறையில் கைடு என்ன செய்கிறார் என்பதையும் அந்தத் தேர்வாளர் கவனிப்பதுண்டு.